விபத்து இழப்பீட்டு வழக்கு எங்கே நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சாலை விபத்தில் அடிபட்டவர் வீட்டில் எல்லோரும் கேட்பது, ‘பணம் எப்போது வரும்?’ என்பதுதான். தேதி சொல்ல யாராலும் முடியாது. ஆனால் மாதங்கள் எங்கெங்கே கரைகின்றன என்று சொல்லலாம்.

நியாயமான தாமதம் ஒன்று உண்டு. எலும்பு முறிந்து பிளேட் வைத்தவருக்கு, உடல் இதற்குமேல் தேறாது என்ற நிலை வந்த பிறகுதான் நிரந்தர ஊனத்தின் சதவீதத்தைச் சரியாகக் கணிக்க முடியும். இன்னோர் அறுவை சிகிச்சை பாக்கி இருக்கும்போதே மருத்துவ வாரியத்தின் முன் போய் நின்றால், அங்கே தரும் ஊனச் சான்றிதழ் குறுக்கு விசாரணையில் நிற்காது. மறுபடி பரிசோதனை, மறுபடி வாய்தா. அவசரப்பட்டு மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டாலோ, அந்தத் தீர்வின் மேல் மேல்முறையீடு கிடையாது. பின்னால் வரும் ஆபரேஷன் செலவு கைக்காசுதான்.

அதற்காக இழப்பீட்டு மனுவே போடாமல் காத்திருப்பது பெரிய தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்யச் சொல்கிறது. இந்தப் பிரிவு 1.4.2022 முதல் அமலில் இருக்கிறது. மனு செய்வதற்கு முந்தைய நாட்களுக்கு வட்டியும் கிடையாது. மனுவை உடனே போட்டுவிட்டு, ஊன மதிப்பீட்டை உரிய நேரத்தில் செய்துகொள்வதே சரி.

வழக்கை முதல் நாளே சிக்கலாக்குவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி. அடிபட்டவரைத் தூக்கி வந்தவர் பதற்றத்தில் ‘வண்டியிலிருந்து விழுந்துட்டார்’ என்று சொல்ல, அது அப்படியே பதிவாகிறது. எந்த வாகனம் மோதியது என்ற குறிப்பே இருக்காது. காப்பீட்டு நிறுவனம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, ‘தானாக விழுந்தவர்’ என்று வாதிடும். அதை மாற்றிக் காட்ட நேரில் பார்த்த சாட்சியைத் தேடி அலைய வேண்டும். மோதிய வண்டியின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

அடுத்தது வண்டி உரிமையாளருக்குப் போகும் நோட்டீஸ். வண்டி கைமாறியும் ஆர்.சி.யில் பெயர் மாறாமல் இருந்தால், பழைய முகவரிக்குப் போன நோட்டீஸ் திரும்பி வரும். புது முகவரி தேட ஒரு வாய்தா, பத்திரிகையில் அறிவிப்பு கொடுக்க இன்னொன்று. சான்றிதழ் தந்த மருத்துவர் மாற்றலாகிப் போயிருந்தால் அவர் சாட்சிக்கு வரும்வரை வழக்கு அசையாது.

இவற்றில் பெரும்பகுதிக்கு விதிகளிலேயே மருந்து இருக்கிறது. 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி போலீசார் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், இடைக்கால அறிக்கையை 50 நாளிலும், விரிவான அறிக்கையை 90 நாளிலும் இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். விரிவான அறிக்கை கிடைத்த 30 நாளில் காப்பீட்டு நிறுவனம் தன் முடிவைச் சொல்ல வேண்டும். இவற்றைச் செயல்படுத்தும்படி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. அப்படியிருந்தும் எஃப்.ஐ.ஆர்., மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை என ஒவ்வொரு நகலுக்கும் கட்டுப்போட்ட காலோடு ஒருவர் ஸ்டேஷன் படி ஏற வேண்டியிருப்பது கொடுமை. எந்த ஸ்டேஷனிலிருந்து 90 நாள் அறிக்கை வரவில்லை என்று தீர்ப்பாயங்கள் மாதந்தோறும் பட்டியல் எடுத்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

தீர்ப்பு வந்ததும் 30 நாளில் பணத்தைக் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போய்த் தடை வாங்கினால் அதுவும் நிற்கும். தடை உத்தரவு தரும்போது உயர் நீதிமன்றம் ஒரு தொகையைக் கட்டச் சொல்வதுண்டு. அதில் ஒரு பங்கை எடுக்க அனுமதி கேட்டுத் தனியாக மனு போடலாம். இது தெரியாமல், வங்கியில் கிடக்கும் தங்கள் பணத்தைத் தொடாமலே கடனுக்கு வட்டி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தீர்ப்பு நகலைக் கையில் கொடுக்கும் அன்றே வழக்கறிஞர்கள் இதைச் சொல்லிவிட வேண்டும்.