தீர்ப்பைக் கடைசிப் பத்தியிலிருந்து படி: சட்டத்தைப் பற்றி எழுதவிருக்கும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

பார் கவுன்சிலில் பதிவு செய்து மூன்றாண்டு ஆகிறது. வாய்தா வாங்கவும், மனு வரையவும், கேஸ் கட்டைப் பிரித்தால் எந்தக் காகிதம் எங்கே இருக்கும் என்று சொல்லவும் பழகிவிட்டாய். இனிச் சட்டத்தைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்கிறாய். தொழிலை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா என்று கேட்கிறாய்.

விடாதே. கோர்ட்டுக்குப் போய்க்கொண்டே எழுது. வழக்கில் டிகிரி, அதாவது தீர்ப்பாணை, வாங்கிவிட்டால் மறுநாளே வீடு கைக்கு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அதற்குப் பிறகு நிறைவேற்றுதல் மனு இருக்கிறது, கோர்ட் உத்தரவை நேரில் போய் நிறைவேற்றும் அமீனா இருக்கிறார், உள்ளே குடியிருப்பவர் ஆட்சேபித்துப் போடும் மனு இருக்கிறது. இதெல்லாம் தினமும் கோர்ட் ஹாலில் உட்கார்ந்திருப்பவர் எழுதினால்தான் கட்டுரையில் வரும்.

விதியும் உனக்கு இடம் தருகிறது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49ஆவது, வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது என்கிறது. 51ஆவது விதியோ, சட்ட நூல்களைச் சம்பளத்துக்குப் பதிப்பிக்கலாம், பத்திரிகைக்கு வரும் செய்திகளில் சட்டச் சிக்கல் இருக்கிறதா என்று பார்த்துத் தரலாம், தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் பாடம் சொல்லலாம், விளம்பரத் தடைக்கும் முழுநேர வேலைத் தடைக்கும் உட்பட்டு இதழியலிலும் ஒலிபரப்பிலும் ஈடுபடலாம் என்கிறது. ஆகவே கட்டுரைக்குச் சன்மானம் வாங்குவதில் தப்பில்லை. நிருபராக மாதச் சம்பளத்தில் சேர்ந்தால் மட்டும் வக்கீல் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். சன்மானத்தை நம்பி வாடகை கட்ட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது, சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. அதைச் சீனியரிடம் கூச்சப்படாமல் கேள்.

இனி எழுத்துக்கு வருகிறேன். கதை படித்தவர் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போவார். சட்டக் கட்டுரை படித்தவர் எழுந்துபோய் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுப்பார். நீ எழுதியதை நம்பி நோட்டீஸ் அனுப்புவார், அல்லது அனுப்பாமல் விட்டுவிடுவார். அதனால் எந்தக் கட்டுரையானாலும் மூன்று விஷயம் அதில் இருந்தே ஆக வேண்டும்: இந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தும், எந்தத் தேதியிலிருந்து பொருந்தும், காலக்கெடு எங்கே தொடங்கி எங்கே முடியும்.

காசோலை வழக்கையே எடுத்துக்கொள். "செக் திரும்பினால் முப்பது நாளில் வழக்குப் போட வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியில் இரண்டு தவறு. செலாவணி முறிச் சட்டம் 138ஆவது பிரிவில் முப்பது நாள் என்பது நோட்டீசுக்கு. அது செக் திரும்பிய தேதியிலிருந்து ஓடாது, திரும்பிய தகவல் வங்கியிலிருந்து நம் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். கணக்கைத் தேதி போட்டே காட்டு. செக்கில் 2025 ஜனவரி 10 என்று இருக்கிறது. மூன்று மாதத்துக்குள், பிப்ரவரி 28 அன்று வங்கியில் போடுகிறார்கள். மார்ச் 3 அன்று ரிட்டர்ன் மெமோ வருகிறது. அந்த நாளைத் தள்ளி எண்ணினால் நோட்டீசுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 2. மார்ச் 20 அன்று அனுப்பிய நோட்டீசை எதிர்த்தரப்பு மார்ச் 24 அன்று பெறுகிறது. பணம் கட்ட அவருக்குப் பதினைந்து நாள், அது ஏப்ரல் 8 அன்று முடிகிறது. 9ஆம் தேதி வழக்குமூலம், அதாவது வழக்குப் போடும் உரிமை, பிறக்கிறது. அந்த நாளைத் தள்ளி ஒரு மாதம், அதாவது மே 9க்குள் புகார் தாக்கலாக வேண்டும். ஏப்ரல் 8 முடியும் முன்பே அவசரப்பட்டுத் தாக்கல் செய்தால் அது புகாராகவே நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லிவிட்டது.

இதில் வாசகருக்கு மிகவும் தேவையான செய்தி ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புகார் தாமதமானால் போதிய காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீசின் முப்பது நாள் தவறினால் அதை மன்னிக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. நோட்டீசில் செக் தொகையைத் தனியாகத் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். வட்டியையும் செலவையும் அதோடு கலந்து மொத்தமாக ஒரு தொகை கேட்டால், நல்ல வழக்கும் அந்த இடத்திலேயே விழும்.

தீர்ப்பைப் படிக்கும் முறைக்கு வருவோம். முதல் பக்கத்திலிருந்து தொடங்காதே. கடைசிப் பத்திக்குப் போ. அனுமதிக்கப்பட்டதா, தள்ளுபடியா, பகுதி அனுமதியா, கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார்களா என்பது அங்கேதான் இருக்கும். பிறகு முதல் பக்கம் வா: வழக்கு எண், எத்தனை நீதிபதிகள், எந்தத் தேதி. அதன் பிறகு எழுவினாக்கள், அதாவது நீதிமன்றம் முடிவு சொல்ல எடுத்துக்கொண்ட கேள்விகள். நடுவில் இருக்கும் நாற்பது பக்கம்தான் ஆபத்து. "மனுதாரர் தரப்புக் கற்றறிந்த வழக்கறிஞர் வாதிட்டதாவது" என்று தொடங்கும் பத்தி மூன்று பக்கம் ஓடும். மூன்றாம் பக்கத்தில் கண்ணில் பட்ட ஒரு கம்பீரமான வாக்கியத்தை "நீதிமன்றம் அதிரடி" என்று போட்டுவிடுவார்கள். அது வக்கீலின் வாதம், தீர்ப்பு அல்ல. பல சமயம் அந்த வாதத்தை நிராகரித்துத்தான் வழக்கே முடிந்திருக்கும். பத்தி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் வா, எ, மு என்று குறி: வாதம், எதிர்வாதம், முடிவு. மேற்கோள் எடுப்பது மு போட்ட பத்தியிலிருந்து மட்டும். விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகக் கேட்ட கேள்வி உத்தரவில் ஏறாவிட்டால் அதற்குச் சட்ட மதிப்பில்லை என்பதையும் வாசகருக்குச் சொல்லிக்கொண்டே இரு.

உச்ச நீதிமன்றம் சிறப்பு அனுமதி மனுவைக் காரணம் எழுதாமல் ஒரு வரியில் தள்ளுபடி செய்தால், உயர் நீதிமன்றத் தீர்ப்பை "உறுதி செய்தது" என்று எழுதாதே. அனுமதி தரவில்லை, அவ்வளவுதான். உயர் நீதிமன்றத் தீர்ப்பு அதோடு ஒன்றிவிடாது என்பது 2000ஆம் ஆண்டிலேயே தெளிவாகிவிட்டது.

ஒரு தீர்ப்பை அரைகுறையாக எழுதினால் வீட்டுக்குள் என்ன ஆகும் என்பதற்கு வினீதா சர்மா வழக்கு நல்ல உதாரணம். 2020 ஆகஸ்ட் 11 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது இது: கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகள் பிறப்பாலேயே பங்குரிமை உள்ள பங்காளி, இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. இதை "அப்பா சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு" என்று சுருக்கியதும், அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி உயில் எழுதிவைத்த வீட்டுக்கும் பங்கு கேட்டு அக்கா தம்பிக்கு நோட்டீஸ் அனுப்புகிறார். சுயார்ஜித சொத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் தொடர்பில்லை. உயில் இல்லாமல் அப்பா இறந்திருந்தால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கைத் தந்துவிட்டது. மேலும், 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுப் பத்திரத்தின் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணையின் மூலமோ முடிந்த பாகப்பிரிவினையைக் கிளற முடியாது. தமிழ்நாட்டு வாசகருக்கு இன்னொரு தேதியும் வேண்டும். இங்கே 1989 மார்ச் 25 முதலே மகள்களைப் பங்காளிகளாக்கும் மாநிலத் திருத்தம் இருந்தது, அதற்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டு. அந்தப் பெண்களுக்கு 2005 திருத்தம்தான் கதவைத் திறந்தது. இத்தனை தேதியும் இல்லாமல் எழுதிய கட்டுரையை நம்பிச் செலவழிப்பது ஒரு குடும்பத்தின் கோர்ட் ஃபீயும் பத்து வருட உறவும்.

குற்றவியல் பற்றி எழுதும்போது பிரிவு எண்ணை நினைவிலிருந்து போடாதே. புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த 2024 ஜூலை 1 முதல் பழைய எண்கள் வேறு வேறு குற்றங்களைக் குறிக்கின்றன. கொலை 302 என்று ஊருக்கே தெரியும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103, அங்கே 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. இன்னும் மோசமான பொறி 482. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு. புதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 482 முன்ஜாமீன். ரத்து மனு 528க்குப் போய்விட்டது. எந்தச் சட்டம் பொருந்தும் என்பதற்குச் சம்பவத் தேதியைப் பார். ஜூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்கு, வழக்கு அதன் பிறகு பதிவானாலும், தண்டனைப் பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில்தான்.

சொற்களில் தாராளம் காட்டாதே. ஜாமீன் கிடைத்தவரை "விடுதலை" என்று எழுதினால் அவர் நிரபராதி என்று வாசகர் புரிந்துகொள்வார். சாட்சி விசாரணை முடிந்து குற்றம் நிரூபணமாகாவிட்டால்தான் விடுதலை. குற்றச்சாட்டு வனையும் முன்பே வெளியே விட்டால் விடுவிப்பு. உயர் நீதிமன்றம் வழக்கையே இல்லாமல் செய்தால் ரத்து. "உறுத்துக்கட்டளை" என்ற சொல் மனுவுக்கு நல்லது. வாசகருக்குத் தடையுத்தரவு போதும். இந்த வேலைக்கு நமக்கு ஒரு மூத்தவர் உண்டு. பின்னாளில் மாயூரம் முன்சீப்பாகப் பேர்பெற்ற வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட் (உயர் நீதிமன்றத்துக்கு முன்பிருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம்) தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862இல் வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். உயர் நீதிமன்றத் தீர்ப்பு இன்றும் ஆங்கிலத்தில்தான் வருகிறது, ஆகவே அவர் தொடங்கிய வேலை நமக்கு மிச்சமிருக்கிறது.

உனக்கே வம்பு வரக்கூடிய இடங்களையும் சொல்கிறேன். பார் கவுன்சில் விதிகளில் 36ஆவது: நேராகவோ மறைமுகமாகவோ வழக்குப் பிடிக்க விளம்பரம் செய்யக் கூடாது. நீ ஆஜராகும் வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் கருத்துச் சொல்வதும், அதையொட்டிப் படம் போட்டுக்கொள்வதும் அதில் அடக்கம். கட்டுரைக்கு அடியில் "ஆலோசனைக்கு அழைக்கவும்" என்று எண்ணைப் போடாதே. உதவி கேட்பவருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் காட்டு. கட்டணமில்லா எண் 15100. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அங்கே இலவச வக்கீல் கிடைப்பார்.

கட்சிக்காரர் சொன்னது வழக்கு முடிந்த பிறகும் ரகசியம்தான். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதே. தாலுகா, சர்வே எண், இரண்டாம் தாரம், துபாயில் இருக்கும் மகன் என்று நான்கு விவரம் சேர்ந்தால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். உன் கேஸ் கட்டிலிருந்து எடுக்காதே, வெளியான தீர்ப்பிலிருந்து எடு. பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதுவும், பள்ளியின் பெயரோ தெருவோ உறவினர் படமோ, வரக் கூடாது. பாரதிய நியாய சன்ஹிதா 72ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை சிறை. குழந்தையானால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவும் சேரும். தீர்ப்பை விமர்சிக்கப் பயப்படாதே. முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவே சொல்கிறது. நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பிப்பது வேறு. அந்தக் கோட்டைத் தாண்டாதே.

தவறு நேரும். எச்.எம். சீர்வை 1973 கேசவானந்த பாரதி வழக்கில் கேரள அரசுக்காக, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கருத்தை எதிர்த்து வாதாடியவர். பிற்பாடு தன் அரசியலமைப்பு நூலிலேயே அந்தக் கருத்தை ஏற்று எழுதினார். அந்த அளவு நேர்மை நமக்கும் வேண்டும். சட்டம் மாறினால், மேல்முறையீட்டில் தீர்ப்பு கவிழ்ந்தால், பழைய கட்டுரையின் தலையிலேயே தேதியோடு திருத்தம் போடு. அடியில் போட்டால் யாரும் அதுவரை படிக்க மாட்டார்கள். எந்த வழக்கைப் பற்றி எழுதினாலும் அதன் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணை, அதாவது வழக்குக்குரிய தனி அடையாள எண்ணை, குறித்துவை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் போட்டு நிலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் கட்டுரையாகக் காசோலையையே எழுது. எழுதி முடித்ததும் சீனியரிடம் காட்டும் முன் ஆபீஸ் குமாஸ்தா அண்ணனிடம் கொடு. கட்சிக்காரர்கள் என்ன கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். படித்துக்கொண்டே வந்தவர் எந்த வரியில் நிறுத்தி, "பாப்பா, இது எந்தத் தேதியிலிருந்து எண்ணணும்?" என்று கேட்கிறாரோ, அந்த வரியை அவர் முன்னாலேயே அடித்து எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்