நயினாதீவுக்குப் போகப்போகும் பிள்ளைக்கு

அன்புள்ள பிள்ளை,

"சின்னம்மா, மாமி சொல்லுறா எண்டதுக்காகக் கைக்குழந்தையத் தூக்கிக்கொண்டு நயினாதீவு வரைக்கும் போகவேணுமே? வெள்ளவத்தையில இல்லாத அம்மனே?" என்று போனில் கேட்டாய். கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலரும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் எல்லாரும் வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் அம்மனுக்குக் குறைவில்லைதான். மயூரபதி அம்மன் கோயிலுக்கு நீ நடந்தே போய்விடலாம். ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான நயினாதீவில் இருக்கும் நாகபூசணி அம்மனைப் பற்றி உனக்குச் சொன்னவர்கள் நாகதோஷம், பிள்ளை வரம், நேர்த்திக்கடன் என்பதோடு முடித்துவிட்டார்கள். கதையைச் சொல்லவில்லை.

அனலைதீவுக்குப் பக்கத்தில் புளியந்தீவு என்று ஒரு சிறுதீவு இருக்கிறது. அங்கிருந்து ஒரு நாகம் அம்மனுக்குச் சாத்த வாயில் பூவைக் கவ்விக்கொண்டு கடலில் நீந்தி வருமாம். ஒருநாள் கருடன் அதைக் கண்டு பாய்ந்தது. நாகம் கடலில் இருந்த ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. எதிரே இன்னொரு கல்லில் கருடன் குந்திக்கொண்டு காத்திருந்தது. அந்த வழியாகக் காவிரிப்பூம்பட்டினத்து வியாபாரி ஒருவரின் கப்பல் வந்தது. பாம்பை விட்டுவிடும்படி அவர் கருடனைக் கெஞ்சினார். "அப்படியானால் உன் செல்வத்தையெல்லாம் போட்டு அம்மனுக்குக் கோயில் கட்டுவாயா?" என்று கேட்டது கருடன். அவர் ஒப்புக்கொண்டார். கருடன் மூன்று முறை கடலில் முழுகிவிட்டுப் பறந்துபோனது. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று அந்த இரண்டு கற்களையும் இன்றைக்கும் காட்டுகிறார்கள்.

இந்திரன் கௌதமரின் சாபம் தீர வழிபட்ட இடம் என்றும், சதிதேவியின் சிலம்பு விழுந்த சக்தி பீடம் என்றும் வேறு கதைகளும் உண்டு. அவற்றை ஐயரே உனக்குச் சொல்லுவார். எனக்கு அந்த வியாபாரிதான் முக்கியம். பாம்பு அவர் வளர்த்ததல்ல, சண்டையும் அவருடையதல்ல. காற்று நன்றாக இருக்கும்போதே பாயை விரித்துக்கொண்டு போயிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கப்பலை நிறுத்தினார். இந்தக் கோயிலை அரசன் கட்டியதாகக் கதை சொல்லவில்லை, முனிவர் கட்டியதாகவும் சொல்லவில்லை. வழியில் போன ஒருவர் கட்டினார் என்கிறது.

இனி நீ கட்டாயம் பார்க்கவேண்டிய இன்னொன்று. கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் சாசனம், 12ஆம் நூற்றாண்டு. ஒரு சிங்கள அரசன் தமிழில் வெட்டுவித்தது! வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா அதைப் பற்றி 1963இல் கட்டுரை எழுதினார். பிற தேசத்து வணிகர்கள் ஊராத்துறையில், அதாவது நம்முடைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது சாசனம். யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்குதான் அரசுக்கு, மூன்று பங்கு சொந்தக்காரனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிய கப்பலென்றால் சரிபாதி.

பாதியை எடுப்பது நியாயமா என்று நீ கேட்பாய். உடைந்த கப்பலின் சரக்கு முழுவதையும் அந்தந்தக் கரையை ஆண்டவர்களே பறித்துக்கொண்ட காலம் அது. கடலில் எல்லாவற்றையும் இழந்தவனுக்கு இவ்வளவாவது திரும்பக் கிடைக்கும் என்று கல்லில் வெட்டி வைத்தது பெரிய விஷயம். காலிமுகத்திடலில் நின்று துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்களைப் பார்த்து வளர்ந்தவள் நீ. கப்பலை நிறுத்திய வியாபாரியின் கதையும், கப்பல் உடைந்த வியாபாரிக்கான சட்டமும் ஒரே கோயிலில் இருப்பதை நீ பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். 1788இல் திரும்பக் கட்டினார்கள். 1958இலும் 1986இலும் மறுபடி சேதம். இன்று கிழக்கு வாசலில் 108 அடி இராஜகோபுரம் நிற்கிறது. விட்டுவிட்டுப் போக மனமில்லாத சனம் இருந்ததால்தான் அது நிற்கிறது. இதை நான் எந்தக் கூட்டத்திலும் உரக்கச் சொல்லுவேன்.

சரி, பயணத்துக்கு வருவோம். கொழும்பு கோட்டை ஸ்டேசனிலிருந்து இரவு ரயில் பிடித்தால் விடியப்புறம் யாழ்ப்பாணம். அங்கிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை. படகில் டீசல் மணம் தூக்கும், பிள்ளையை மடியில் அணைத்துக்கொண்டு காற்றுப் படும் பக்கமாக இரு. உன் பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய சிங்களத்து அம்மா ஒருவர் இருப்பார், அதே தீவில் இருக்கும் பௌத்தக் கோயிலான நாகவிகாரைக்குப் போகிறவர். அவர்களில் பலர் அம்மனையும் கும்பிட்டுவிட்டே போவார்கள். மூலஸ்தானத்தில் அம்மனுக்குப் பின்னால் ஐந்து தலை நாகம் படம் விரித்து நிற்பதை நன்றாகப் பார். அர்ச்சனை முடிந்ததும் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் சாப்பிடு, பசியோடு திரும்பாதே.

ஆனித் திருவிழாவுக்கு மட்டும் இப்போது வேண்டாம். 16 நாளும் சனம் நெருக்கும், கைக்குழந்தையோடு கரைச்சல். அது முடிந்த பிறகு ஒரு நாளைப் பார்த்துச் சொல். டிக்கெட் போடும்போது எனக்கும் சேர்த்துப் போடு. அந்த இரண்டு கல்லும் எங்கே என்று படகுக்காரரிடம் நானே கேட்டுக் காட்டுகிறேன்.

அன்புடன்,
சின்னம்மா