கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் விடிகாலையில் கேரளா பக்கம் மலையேறும் ஜீப்புகளில் பழைய டீசல் வண்டிகள் நிறைய. கோடையில் முந்தலுக்கு மேலே பானெட்டைத் திறந்து வைத்து ஓரங்கட்டி நிற்கும் வண்டியைப் பார்க்காமல் போடிமெட்டு போய்ச் சேர முடியாது. விசாரித்தால் பலரும் போன மாதம்தான் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகடு) மாற்றினோம் என்பார்கள். எனக்கு ஆத்திரமே அதில்தான். கூலிக்கு ஓட்டுகிறவர் ஒரே வேலைக்கு ஏன் இரண்டு தடவை அழ வேண்டும்?

முதலில், சைலன்சரில் வெள்ளைப் புகையைப் பார்த்ததும் ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள். மார்கழிப் பனியில் பூப்பாறையில் ஸ்டார்ட் செய்தால் நல்ல வண்டியே கொஞ்ச நேரம் வெள்ளையாகப் புகைக்கும். டீசல் பம்ப் டைமிங் தப்பினாலும் டீசலைப் பீய்ச்சும் நாசில் கெட்டாலும் புகைதான், ஆனால் அது கண்ணை எரிக்கும், டீசல் வாடை அடிக்கும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் புகை நிற்காமல், வெளியே எங்கும் ஒழுகாமலேயே ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டு போனால் அப்போது சந்தேகப்படுங்கள்.

ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில் (சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்) ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் செய்து உள்ளே பாருங்கள். முதலில் நாலு குமிழ் வந்து அடங்கினால் அது உள்ளே சிக்கியிருந்த காற்று. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க விடாமல் கொப்பளித்துத் தண்ணீர் பொங்கி வழிந்தால் சிலிண்டர் காஸ் தண்ணீருக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் டீ நிறத்தில் குழம்பியிருக்கலாம், ஆனால் எல்லா வண்டியிலும் அப்படி இருக்காது. கேஸ்கட் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் மட்டும் எரிந்திருந்தால் தண்ணீரும் குறையாது, ஆயிலும் கெடாது, ஏற்றத்தில் வண்டி இழுக்காது, அவ்வளவுதான். அதை ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்துதான் பிடிக்க முடியும், பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டிலும் சேர்ந்தாற்போல அழுத்தம் குறைவாகக் காட்டும்.

சரி, ஹெட்டை இறக்கியாச்சு. இங்கேதான் பட்டறைகள் கைவிடுகின்றன. அதிகச் சூட்டில் ஹெட் வளைந்துவிடும், அலுமினிய ஹெட் என்றால் இன்னும் சுலபமாக வளையும். நேரான ஸ்டீல் பட்டையை ஹெட்டில் கேஸ்கட் உட்காரும் பக்கத்தின் மேல் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா? வளைந்த ஹெட்டில் 0.10 மில்லிமீட்டர் தகடு நடுவில் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த கேஸ்கட் போட்டாலும் நிற்காது. விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்டும் செய்யச் சொல்லுங்கள், விரிசல் விட்ட ஹெட்டும் இதே மாதிரிதான் குமிழ் விடும்.

போல்ட் குழிகளில் தேங்கிய தண்ணீரையும் ஆயிலையும் துடைக்காமல் போல்ட்டை இறக்கினால் பிளாக்கே விரிசல் விடலாம். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் கைக்கணக்கில் முறுக்குகிற பட்டறையில் வண்டியை விடவே விடாதீர்கள். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக, கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். அப்புறம், எதனால் சூடேறியது என்று பார்க்காவிட்டால் எல்லாம் வீண். அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், தளர்ந்த ஃபேன் பெல்ட், ஸ்பிரிங் போன ரேடியேட்டர் மூடி, பெரும்பாலும் இதில் ஏதோ ஒன்றுதான் முதல் காரணமாக இருக்கும். மேலே போகப் போகத் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிக்கும் என்பதால் அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிப்பைத் தள்ளிப்போடும் அந்தச் சின்ன மூடி மலை ஓட்டத்துக்கு ரொம்ப முக்கியம்.

வளைந்த ஹெட்டை ஃபேஸிங் செய்ய (சீவிச் சமப்படுத்த) லேத்துக்கு அனுப்பினால், எவ்வளவு எடுத்தார்கள் என்று ரசீதிலேயே மில்லிமீட்டர் கணக்கில் எழுதி வாங்குங்கள். பல டீசல் இன்ஜின்களுக்குக் கேஸ்கட் வெவ்வேறு தடிமனில் வருகிறது. எதை வாங்குவது என்று கடையில் கேட்கும்போது அந்த ரசீது கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜீப் ஓட்டுநர் ஒருவர்,
போடிநாயக்கனூர்.