நூலையும் ஓவியத்தையும் விமர்சிக்க வந்திருக்கும் தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய நாவல் மதிப்புரையையும் ஓவியக் கண்காட்சி பற்றிய கட்டுரையையும் பொறுமையாகப் படித்தேன். சமகால நூல்களையும் ஓவியங்களையும் ஒருவரே வாழ்நாள் முழுவதும் விமர்சிக்க இயலுமா என்று கேட்டிருந்தீர்கள். இயலும்; தமிழில் வெங்கட் சாமிநாதன் இரண்டைப் பற்றியும் எழுதியவர்தான். ஆனால் இரண்டையும் ஒரே பழக்கத்தோடு அணுக முடியாது என்பதை உங்கள் கட்டுரைகளே காட்டுகின்றன.

நாவலைப் பற்றி எழுதும்போது நீங்கள் மேற்கோள் காட்டுகிறீர்கள். வாசகர் அந்த வரிகளைத் தாமே படித்து, உங்கள் தீர்ப்பு சரியா என்று அங்கேயே சோதித்துக்கொள்ளலாம். ஓவியத்தை அப்படி எடுத்துக்காட்ட வழியில்லை. அச்சிலும் திரையிலும் அதன் அளவு சுருங்கிவிடுகிறது, வண்ணப் பூச்சின் தடிமன் மறைந்துவிடுகிறது. கண்காட்சி முடிந்ததும் ஓவியங்கள் வாங்கியவர்களின் வீடுகளுக்கோ ஓவியரின் அறைக்கோ போய்விட, பெரும்பாலானோருக்கு எஞ்சுவது நாம் எழுதியது மட்டுமே. ஆகவே கண்டதைக் கண்டபடி விவரிப்பதே கலை விமர்சகரின் முதல் உழைப்பு என்று உறுதியாக நம்புகிறேன்.

பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதரோ 1759 முதல் பாரிஸின் சலோன் கண்காட்சிகளைப் பற்றி எழுதியது, கையால் படியெடுக்கப்பட்டு, பெரும்பாலும் பிரான்ஸுக்கு வெளியே இருந்த மிகச் சில சந்தாதாரர்களுக்கு அனுப்பப்பட்ட ஒரு மடலுக்காக. அந்த ஓவியங்களைப் பார்க்க வாய்ப்பில்லாதவர்களுக்கு எழுதியதால், யார் எங்கே நிற்கிறார், ஒளி எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயமே அவருடைய கட்டுரைகளுக்கு உயிர் தந்தது.

இதற்கு நேர்மாறானது 1877இல் ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் எழுதியது. பொதுமக்களின் முகத்தில் வண்ணக் கலயத்தை வீசியெறிந்துவிட்டு அதற்கு விலையாக 200 கினி (அக்கால ஆங்கிலேயப் பணக் கணக்கு) கேட்கிறார் என்று ஓவியர் விஸ்லரைச் சாடினார். விஸ்லர் அவதூறு வழக்குத் தொடுத்து, 1878இல் வென்றும், கிடைத்த இழப்பீடு ஒரே ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவும் சேர்ந்து மறு ஆண்டு அவர் திவாலானார். இருண்ட வானில் வாணவேடிக்கையின் பொறிகள் சிதறி விழும் ஓவியம் அது. அந்தப் பொறிகளைப் பற்றி ரஸ்கினின் வசையில் ஒரு சொல்லும் கிடையாது. மேகங்களையும் மலைகளையும் பற்றிப் பக்கம் பக்கமாகக் கூர்ந்து எழுதிய ஒருவர் அந்த ஓவியத்தின் முன் பார்ப்பதையே நிறுத்திவிட்டார் என்பதுதான் எனக்கு வழக்கின் முடிவைவிடப் பெரிய துயரமாகப் படுகிறது.

நூல்களிலிருந்து ஓவியத்துக்கு வருகிறவர்களுக்கு இன்னோர் இடரும் உண்டு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்துப் போன்ற கிறுக்கல்களும் கணிதக் குறிகளும் ஜாதகக் கட்டங்களும் நிறைந்திருக்கும். வாசித்துப் பழகிய கண் உடனே பொருள் தேடத் தொடங்கும். அவ்வெழுத்துகளோ வாசிப்புக்கு இடம் கொடுப்பதில்லை. அவை அடர்ந்தும் விலகியும் தளத்தை நிரப்புகிற விதத்தில்தான் ஓவியம் இயங்குகிறது. நீங்களும் ஒவ்வோர் ஓவியத்துக்கும் ஒரு கதை சொல்லியிருக்கிறீர்கள். எந்த ஓவியம் எவ்வளவு பெரியது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.

நண்பர்களின் நூல்களைப் பற்றிக் கேட்டீர்கள். நெருங்கியவரின் நூலுக்கு மதிப்புரை எழுத வேண்டாம். ஓரளவு அறிமுகமானவர் என்றால் அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். விமர்சனத்தை மட்டும் நம்பி வாழ்பவர்கள் எங்கும் மிகச் சிலரே, எனவே இப்போதிருக்கும் வேலையை விடாதீர்கள்.

உங்கள் கண்காட்சிக் கட்டுரையின் நான்காம் பத்தியில், நீலப் பூச்சின் அடியிலிருந்து பழுப்பு கசிந்து வருவதாக ஒரு வரி இருக்கிறது. நீங்கள் உண்மையாகவே நின்று பார்த்த இடம் அது. கண்காட்சி முடிவதற்குள் மறுபடியும் போய், அந்த ஓவியத்தின் முன் வேண்டிய நேரம் நின்று, அந்த வரியிலிருந்தே கட்டுரையைத் தொடங்கி எழுதிப் பாருங்கள். இதழுக்கு அனுப்புமுன் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். உடனே படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்