அப்பாவின் ஹெரால்டு மிதித்த இடத்தில் நிற்கிறது

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று சாயங்காலம் அப்பா தன் பழைய ஹெரால்டு காரின் பிரேக்கை மிதித்தார். வண்டி மிதித்த இடத்தில் நின்றது. இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது. மேம்பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனது உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அப்பாவுக்கோ ரோட்டில் போன யாருக்குமோ ஒன்றும் ஆகவில்லை. அது போதும்.

தேவைப்பட்டது ஒரே ஒரு சாமான். பின்பக்க இடது வீல் சிலிண்டர், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் சக்கரத்தின் பிரேக்கைத் தள்ளும் சின்னக் குழாய். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் 1967 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு அதை எங்கே போய் வாங்குவது? நம்ம சென்னைப் பெருங்களத்தூரில் செய்த வண்டி. அந்தத் தொழிற்சாலையே இன்றைக்கு இல்லை. இங்கிலாந்தில் இதன் மூல வண்டியான டிரயம்ஃப் ஹெரால்டுக்கு இப்போதும் சாமான் விற்கிறார்கள், காத்திருந்தால் வந்து சேரும். 84 வயது மனிதரிடம் இன்னும் ரெண்டு மாதம் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய சாமான் கடைகள் உள்ள புதுப்பேட்டையில் மூன்று நாள் அலைந்தேன். சிலிண்டருக்குள் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் கப்பை மட்டும் மாற்றினால் போதும் என்று சிலர் சொன்னதைக் கேட்டு மாற்றியும் பார்த்தோம். பத்தாம் நாள் டயரின் உட்புறம் மறுபடி எண்ணெய் வழிந்திருந்தது.

அப்போதுதான் ஜி.பி. ரோட்டில் அந்தச் சின்னக் கடைக்குப் போனேன். பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரப் பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு கப் கிட் வேண்டும் என்று கேட்டேன். அளவு இருந்தது, டப்பாவை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தும் விட்டார். பிறகு, “பழசைக் கொண்டாந்திருக்கியாம்மா?” என்றார்.

சிலிண்டரைச் செய்தித்தாளில் வைத்துத் துணியால் உள்ளே சுற்றித் துடைத்தார். சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். என் பக்கம் நகர்த்தினார்.

“நகத்தை உள்ள வச்சு இழுத்துப் பாரு. தட்டுதா?”

தட்டியது. மூன்று இடத்தில், அரிசி நொய் அளவுக்குக் குழி.

“நகம் தட்டுற இடத்துல கப் நிக்காது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் உள்ள அரிச்சிருக்கு. இந்தக் கப்பை உனக்குத் தரமாட்டேன்மா. பெரியவர் ஓட்டுற வண்டிங்கிற.”

டப்பாவை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்துவிட்டார். கேட்டதைக் கொடுத்துக் காசு வாங்கியிருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, நான் நன்றி சொல்லிக்கொண்டு வந்திருப்பேன். ஹெரால்டில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் லைன். ஓரிடத்தில் ஒழுகினால் பெடல் மொத்தமும் தரைக்குப் போய்விடும். மறுபடி அந்த இறக்கத்தை நினைக்கும்போது அந்த அலமாரிதான் என் கண்முன் வருகிறது.

பில் தாளின் பின்பக்கம் அம்பத்தூரில் ஒரு லேத்துக்கு வழி எழுதிக் கொடுத்தார். அங்கே உள்துளையைப் பெரிதாக்கி, எஃகு ஸ்லீவ் இறக்கி, பழைய அளவுக்கே கடைந்து தந்தார்கள். திரும்பக் கொண்டுபோனேன். பெரியவர் நகத்தை வைத்து இழுத்தார், என்னையும் இழுக்கச் சொன்னார். கண்ணாடி மாதிரி வழுக்கியது. அப்புறம்தான் டப்பாவை இறக்கினார். கப்பைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துத் தன் கையாலேயே மாட்டினார். “கிரீஸ் தடவாதே, பெட்ரோல்ல கழுவாதே. ரப்பர் ஊதிடும்” என்றார். இதை எல்லாம் தெரிந்தவர்கள் அருமை தெரியாமலே சொல்லிவிடுகிறார்கள். கப்புக்கு 40 ரூபாய் வாங்கிக்கொண்டார், அதற்கு மேல் ஒரு டீக்குக்கூட சம்மதிக்கவில்லை.

மேம்பாலத்தில் வண்டிக்குக் கல் வைத்து அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்த ஆட்டோ தம்பிகள், எனக்காகப் பரண் ஏறித் தேடிய புதுப்பேட்டைக் கடைக்காரர்கள், பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டித் தந்த அண்ணன், தன் வண்டிக்கு வைத்திருந்த ஸ்பிரிங்கைக் கோவையிலிருந்து பஸ்ஸில் போட்டனுப்பிய ஹெரால்டுக்காரர், பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது ஒரு மணிநேரம் சலிக்காமல் பெடலை மிதித்த எதிர்வீட்டுப் பையன், எல்லோருக்கும் என் வணக்கம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்ல வேண்டும், வருவேன்.

மற்ற சக்கரங்களின் சிலிண்டர்களையும் பொங்கலுக்குள் கழற்றி லேத்துக்கு அனுப்பப் போகிறேன். நன்றாக ஓடுகிறதே என்று இத்தனை வருஷம் விட்டது என் தவறு. வருஷம் ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுவேன், அப்பா மேல் ஆணை. கடைந்த அளவு, கப் அளவு, லேத்துக்கு வழி எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் யார் கேட்டாலும் தருகிறேன்.

அப்பா இன்று காலை ஆறு மணிக்கே சாவியைக் கேட்டார். தெருமுனை வரைக்கும்தான் என்று சொல்லிக் கொடுத்தேன். முனையில் ஒரே வளைப்பில் வண்டியைத் திருப்பி, நான் நின்ற வாசற்படிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். “பெடல் கல்லு மாதிரி இருக்கு” என்றார்.