தண்ணீரை மண்ணுக்குள் வைப்பது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. உன் மகள் நிலத்தடி நீர்ச் சேமிப்பைப் பற்றி, அதாவது நீரை மண்ணுக்குள் இறக்கி வைத்துப் பிறகு எடுப்பதைப் பற்றிப் படிக்கப் போகிறாள் என்றதும் “அணை கட்டினால் போதாதா, இதற்கு ஒரு படிப்பா?” என்று கேட்டாயாமே. நான் அவள் கட்சி.

வறண்ட பூமியில் அணைத் தண்ணீரை வெயில்தான் முதலில் குடிக்கிறது. கடும் பாலைவனங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து வருடத்துக்கு 2 மீட்டருக்கு மேலும் ஆவியாகிவிடும். ஆழத்தில் மணலுக்குள் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. அபுதாபிக்காரர்கள் கடல்நீரைக் குடிநீராக்கி, லிவா பாலைவனத்துக்குக் குழாயில் கொண்டுபோய், 27 மாதங்கள் மண்ணுக்குள் இறக்கினார்கள். சுமார் 2.6 கோடி கன மீட்டர். 2018-இல் திறந்துவைத்தார்கள். ஆலைகள் நின்றுபோனாலும் பத்து லட்சம் பேருக்கு 90 நாள் தாங்கும் என்பது கணக்கு.

சரி, படிப்பு எதற்கு? குளம் வெட்டி நீரை இறங்கவிடுகிறாய் என்று வை. கொஞ்ச நாளில் அடியில் வண்டலும் பாசியும் மெல்லிய படலமாகப் படியும். கீழே எவ்வளவு இடம் இருந்தாலும் அந்தப் படலத்தைத் தாண்டி நீர் சரியாக இறங்காது. குளத்தை வற்றவிட்டு, அது காய்ந்து வெடித்துச் சுருண்டதும் சுரண்டி எடுக்க வேண்டும். கிணறு வழியாகச் செலுத்தினால் சுரண்டவும் வழியில்லை. அவ்வப்போது பம்பை ஓட்டி நீரை மேலே இறைத்துத்தான் அடைப்பை எடுக்க வேண்டும். நீரோடு போகும் காற்றுக்குமிழிகூட மணல் இடுக்கை அடைத்துவிடும்!

இதைவிட விஷமமான சங்கதி ஒன்று. பாறையில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது இருந்தால், ஆக்சிஜன் கலந்த நீர் பட்டதும் அதிலிருக்கும் ஆர்செனிக் கரைந்து வரலாம். ஃபுளோரிடாவில் இது நடந்திருக்கிறது. நல்ல தண்ணீரை உள்ளே விட்டு நஞ்சை வெளியே எடுப்பதா? மண்ணின் சேர்மானம் தெரியாமல் இதில் இறங்கவே கூடாது.

அப்புறம், இறக்கிய நீர் யாருடையது? பக்கத்து நிலத்துக்காரர் ஆழ்துளை போட்டு உறிஞ்சினால் யாரைக் கேட்பது? அரிசோனாவில் 1996-இல் இதற்கென்றே அரசு நீர் வங்கி தொடங்கி, கொலராடோ ஆற்று நீரில் தங்கள் பங்கில் மிஞ்சியதை மண்ணுக்குள் விட்டு வரவு வைத்தார்கள். எனக்கென்னவோ குழாய், கிணறு வேலையைவிட இந்தக் கணக்கு வழக்குதான் கடினம் என்று படுகிறது.

அவளிடம் எனக்காக ஒன்று கேள்: உப்பு நீர் இருக்கும் மண்ணில் நல்ல நீரை இறக்கினால், அதில் எவ்வளவு நீர் உப்பேறாமல் திரும்பி வரும் என்று முன்கூட்டியே எப்படிக் கணிக்கிறார்கள்?

மற்றவை உன் பதில் கண்டு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்