பேட்டரிக்குச் சாகாது குடற்புழு

ஐயா,

'ஜாப்பர்' பெட்டி குடற்புழுவை மின்சாரத்தால் கொல்லும் என்பது 1990-களில் ஹுல்டா கிளார்க் என்ற மாற்று மருத்துவக்காரர் அமெரிக்காவில் கிளப்பிவிட்ட சங்கதி. பிரித்துப் பார்த்தால் 9 வோல்ட் பேட்டரி, மின்துடிப்பு உண்டாக்கும் 555 டைமர் சிப், சில ரெசிஸ்டர், கெபாசிட்டர், அவ்வளவுதான். பெட்டியோடு இணைத்த செப்புக்குழாயை இரு கைகளிலும் பிடித்து 7 நிமிடம் ஓட்டி, 20 நிமிடம் நிறுத்தி, மூன்று சுற்று வரவேண்டுமாம். ஒரு கையில் ஏறும் சொற்ப மின்னோட்டம் பெரும்பாலும் தோள், மார்பு வழியாக மறுகையில் இறங்கிவிடும். புழு இருப்பதோ குடலில்! இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்களுக்கு ஆபத்து வேறு.

புழுவைக் கொல்ல மருந்து இருக்கிறது: உருண்டைப்புழுவுக்கு அல்பெண்டசோல் மாத்திரை 400 மி.கி. ஒரே வேளை (1–2 வயதுக்கு 200). ஆசனவாயில் அரிப்பு தரும் நூல்புழு என்றால், முட்டைகள் மருந்துக்குத் தப்பிவிடும்; இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும், வீட்டார் எல்லோருக்கும்.

– ஆய்வக நுட்பநர், தஞ்சாவூர்